பொன்னாடை போர்த்திய திங்கட்கிழமை

கொத்தமங்கலம் கோயில் திருவிழாவில் சத்தத்தைக் குறைக்கச் சொன்ன ஒருவரை மைக் ஸ்டாண்டால் அடித்துவிட்டார் மைக்செட்காரர் சேவுகப்பெருமாள். ஆறு மாதச் சிறைக்குரிய குற்றம். முதல் தடவை என்பதால் உள்ளே அனுப்பாமல், ஒரு வருடம் கண்காணிப்பில் இருக்கச் சொல்லி நீதிமன்றம் வெளியே விட்டது. திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு நன்னடத்தை அலுவலர் முன்பு நேரில் தோன்ற வேண்டும். தவறினால் அந்த ஆறு மாதம் காத்திருக்கிறது.

ஏழு மாதம், ஒரு வாரம்கூடத் தவறாமல் போய்க் கையெழுத்துப் போட்டார்.

எட்டாம் மாதம், திருந்தி வாழ்பவர்களைப் பாராட்ட தேவகோட்டையில் ஒரு விழா வைத்தார் அலுவலர் நாச்சியம்மை. மைக்செட் சேவுகப்பெருமாளுடையது. நாள் திங்கட்கிழமை. சரியாகப் பத்து மணிக்கு நாச்சியம்மையே அவரை மேடைக்கு அழைத்து, அந்த ஆண்டின் சிறந்த நன்னடத்தையாளர் என்று பொன்னாடை போர்த்தினார். மனைவி பாண்டீஸ்வரி முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினாள்.

மறுநாள் அலுவலகத்தில் நாச்சியம்மை பதிவேட்டைப் புரட்டினார். திங்கட்கிழமைக் கட்டம் காலி. காலிக் கட்டத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினார். மேடையில் இருந்தேன் என்று சேவுகப்பெருமாள் சொன்னது நீதிமன்றத்தில் எடுபடவில்லை. கண்காணிப்பு ரத்தாகி, ஆறு மாதத்துக்கு உள்ளே போனார்.

பாண்டீஸ்வரி நேரே நாச்சியம்மையிடம் போனாள்.

"நீங்கதானம்மா துண்டு போத்துனீக?"

"ஆமா. தங்கமான மனுசன்."

"பெறகு ஏன் இப்புடி எழுதுனீக?"

"கட்டத்தப் பாருங்க, காலியாத்தான இருக்கு?" பதிவேட்டைத் திருப்பிக் காட்டிய நாச்சியம்மையின் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. டீ வரவழைத்துக் கொடுத்தார். "அப்பீல் போங்க. நானே வந்து உள்ளத உள்ளபடி சொல்றேன்."

சண்டை போடத்தான் பாண்டீஸ்வரி போயிருந்தாள். டீயைக் குடித்துவிட்டு வந்தாள்.

வக்கீல் சப்ரின் மேல்முறையீடு போட்டாள். பொன்னாடைக்கு நூலில் ஒரு சீட்டுக் கட்டி, அதைச் சான்றுப் பொருளாக்கினார்கள். அவர் உள்ளே போன நான்காம் வாரம் விசாரணை. நாச்சியம்மை சொன்னபடியே வந்து கூண்டில் ஏறினார்.

"இதை அவருக்குப் போர்த்தியது யார்?" என்று கேட்டாள் சப்ரின்.

"நான்தான்."

"எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு."

"அப்போது அவர் எங்கே இருந்தார்?"

"எனக்கு நேர் எதிர்ல."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அப்படியானால் அவர் உங்கள் முன்பு தோன்றினார்தானே?"

"என் முன்னால தோன்றினார், ஐயா. பதிவேட்டு முன்னால தோன்றலை."

நீதிபதி பழைய உத்தரவை வாங்கி இரண்டு முறை படித்தார். அதில் அலுவலர் என்றுதான் இருந்தது. பதிவேடு என்ற சொல்லே இல்லை. தண்டனை ரத்து, கண்காணிப்பு தொடரலாம் என்று தீர்ப்பளித்தார். முதலில் ஓடிவந்து பாண்டீஸ்வரியின் கையைப் பிடித்து வாழ்த்தியவர் நாச்சியம்மைதான்.

அடுத்த திங்கட்கிழமை கணவனும் மனைவியும் சேர்ந்தே போனார்கள். நாச்சியம்மை பக்கத்தைப் புரட்டினார். முகம் வாடியது.

"நாலு வாரம் காலியா இருக்கே. எங்க இருந்தீக?"

"ஜெயில்லம்மா," என்றார் சேவுகப்பெருமாள்.

"அது எனக்குத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியணும்ல? ஒரு சான்றிதழ் வாங்கியாந்துருங்க."

கணவரை மறுபடி அந்தப் பக்கம் அனுப்ப பாண்டீஸ்வரிக்கு மனமில்லை. தானே பஸ் ஏறி மதுரைச் சிறைக்குப் போனாள். சிறை எழுத்தர் எந்தக் கேள்வியும் கேட்காமல் தட்டச்சு செய்து முத்திரை குத்திக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பிரித்துப் படித்தாள்.

'மேற்படி நபர் குறிப்பிட்ட நாட்களில் எங்கும் வெளியே செல்லாமல் ஒழுங்காக இங்கேயே இருந்தார்.'

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு மாதமாக வராத சிரிப்பு, நிற்கவில்லை. பக்கத்து இருக்கைப் பெண், "என்னத்தா, நல்ல சேதியா?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு ரொம்ப நல்லவருன்னு எழுதிக் குடுத்துருக்காக," என்றாள் பாண்டீஸ்வரி.