இரண்டாவது சாவி

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், உட்கார்ந்து பார்ப்பது என்பேன். சிரிக்காதீர்கள். ஜெருசலேமில் எங்கள் மருத்துவமனையின் சோதனைக்கூடத்தில், மனைவியின் முட்டையும் கணவனின் விந்தணுவும் கண்ணாடித் தட்டில் சேரும்போது அடுத்தவருடையது எதுவும் கலந்துவிடக் கூடாது. அதற்காக ஒருத்தி கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருக்க வேண்டும் என்பது எங்கள் யூத மதகுருக்களான ரப்பிகளின் ஏற்பாடு. அந்த ஒருத்தி நான்தான், கெயுலா. கருக்கள் வளரும் பெட்டிக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி கரு வளர்க்கும் சாஷாவிடம், மற்றது என் கழுத்தில். இரண்டும் சேராமல் பெட்டி திறக்காது.

அந்தப் பெட்டியில் யிஸ்கா என்பவளின் கரு ஒன்றே ஒன்று இருந்தது. தினமும் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டு, மயக்க மருந்தில் படுத்து, எடுத்த முட்டைகளில் தேறியது அது மட்டும்தான். அடுத்த வாரம் அவளுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. அதுவரைதான் அரசாங்கக் காப்பீடு செலவை ஏற்கும், பிறகு எல்லாம் சொந்தப் பணம்.

"இது கர்ப்பப்பையில ஒட்டலைன்னா வேற பெண்ணோட முட்டையில முயற்சி பண்ணலாம்மா. ஆனா ஒரு வண்டி வாங்குற செலவு ஆகும்" என்றார் டாக்டர் முனீர்.

"அடுத்தவ முட்டையா? செலவை விடுங்க டாக்டர், சும்மா குடுத்தாலும் வேண்டாம்" என்று எழுந்து போனவள் யிஸ்கா.

அவள் கணவன் எல்கானா சொந்தமாக ரொட்டி வேன் ஓட்டுகிறவன். நல்ல மனிதன்தான், ஆனால் சரியான நச்சரிப்பு. கூடத்துக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பான்.

"அக்கா, லேபிளை நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பக்கத்துத் தட்டு ரொம்ப நெருக்கமா இருக்கே?"

"ஏன், அது கையைப் புடிச்சு இழுத்துட்டு ஓடிருமா? போய் ரொட்டியைப் போடுப்பா!"

கருவை வைக்கும் நாள் பூரிம் பண்டிகையில் வந்து விழுந்தது. ஊரே வேஷம் கட்டி, குடித்து, தெருவில் ஆடும் நாள். ஜெபக்கூடத்தில் எஸ்தரின் கதையை வாசிக்கக் கேட்டுவிட்டு பஸ் ஏறினேன். பஸ் ஆட்டக்கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டு நகரவே இல்லை. அப்போதுதான் சாஷாவின் போன்.

"எங்கக்கா இருக்கீங்க? டாக்டர் கத்துறாரு. அவருக்கு அடுத்து ஆபரேஷன் இருக்கு. இன்னைக்கு வைக்கலைன்னா கருவை உறைய வைக்கணும். இது அதைத் தாங்காது."

பின்னால் யிஸ்காவின் அலறல் கேட்டது. கரு வைக்கும்போது மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும். பாவம், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டுக் காலைக் குறுக்கிக்கொண்டு படுத்திருந்தாள்.

எல்கானா போனைப் பிடுங்கினான். "அக்கா, பூட்டை உடைக்கச் சொல்லுங்க!"

"என்னது? ரெண்டு பூட்டு பத்தாது, மூணு போடுங்கன்னு உயிரை வாங்கினது நீதானே!"

"சொன்னேன், தப்புதான்! உடைக்கச் சொல்லுங்க!"

"உடைக்க மாட்டேன்" என்றான் சாஷா. கடவுளே கிடையாது என்கிற ஆள் அவன். "நாளைக்கே வந்து 'இது எங்களதுதானா'ன்னு என் தலையை உருட்டப்போறது நீதான்."

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். பென்குயின் வேஷத்தில் ஒரு கூட்டம் கைகோத்து வழியை மறித்து ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம்!

"தள்ளுங்கடா! ஒரு குழந்தை எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு!"

"ஏய், பிரசவம் பார்க்கிற அம்மாடா! வழி விடுங்க, வழி விடுங்க!"

பென்குயின்கள் என்னை நடுவில் விட்டு, பாடிக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து மருத்துவமனை வாசல் வரை கொண்டுவந்து சேர்த்தன. நான் பிரசவம் பார்ப்பவள் இல்லை என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

சாவிகள் இரண்டும் திரும்பின. பெயர்களை உரக்கப் படித்தேன். வாசலில் நின்ற எல்கானாவுக்குப் பழக்க தோஷம் விடவில்லை.

"அக்கா, நல்லாப் பார்த்தீங்களா, நம்மளதுதானே..."

"எல்கானா!" கட்டிலில் இருந்து யிஸ்கா போட்ட சத்தத்தில் டாக்டரே ஓர் அடி பின்வாங்கினார். "இன்னும் ஒரு வார்த்தை பேசின, இங்கயே ஒண்ணுக்குப் போயிருவேன்! நம்மளதோ ஊராரதோ, எனக்குள்ள வந்துட்டா அது என் புள்ள. டாக்டர், வைங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் பதினோரு வருஷ உத்தியோகத்தை ஒரே வரியில் குப்பையில் போட்டுவிட்டாள். கோபம்தான் வந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கரு ஒட்டவில்லை. இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்ல எல்கானா போன் செய்தான், பேச முடியாமல் வைத்துவிட்டான். அன்று முழுக்க அழுதேன். வெட்கமென்ன இதில்?

அடுத்த மாதம் பஸ்கா பண்டிகை முடிந்ததும் இருவரும் வந்து நின்றார்கள்.

"வேனை வித்துட்டோம்க்கா. இப்ப முதலாளி வண்டி ஓட்டுறேன்" என்றான் எல்கானா.

"ஐயையோ, எதுக்கு?"

"முட்டை தர ஒரு பொண்ணு கிடைச்சிருக்கா" என்றாள் யிஸ்கா.

"நீயா? சும்மா குடுத்தாலும் வேண்டாம்னவளாச்சே!"

"அன்னைக்கு அந்த அவஸ்தையில கத்தினேனே, அதை வீட்டுக்குப் போய் யோசிச்சேன்க்கா. நிஜமாத்தான் சொல்லியிருக்கேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

முட்டையையும் விந்தணுவையும் சேர்க்கும் நாளில் சாஷா தட்டை என் முன் வைத்தான். லேபிளில் தாயின் பெயருக்கான இடம் காலியாக இருந்தது.

"இதுல யார் பேரை எழுதுறதுக்கா, முட்டை குடுத்தவளா, சுமக்கப்போறவளா? ரப்பியைக் கேக்கணுமா?"

நியாயமாகக் கேட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்கானா நின்றான், மூக்கை ஒட்டாமல் ஓர் அடி தள்ளி. சாஷாவின் கையிலிருந்த பேனாவை வாங்கி நானே எழுதினேன்: யிஸ்கா.