சட்டை மாட்டுகிற கம்பம்

கேட்டருகே நட்டிருந்த போர்டைப் பார்த்ததும் தையல்காரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ‘பழைய நாட்டு வீடு விற்பனைக்கு. கல் சுவர், ஓட்டுக் கூரை, கிணறு, காற்று, வெளிச்சம்’ என்று மஞ்சளும் சிவப்புமாக எழுதியிருந்தான் தம்பி. போர்டு எழுதுவதுதான் அவன் பிழைப்பு. காற்றையும் வெளிச்சத்தையும்கூட விற்கப் பார்க்கிறானே, கில்லாடிதான் என்று நினைத்தபடி கேட்டைத் தள்ளினாள். தள்ளிய கை பாதியில் நின்றது. போர்டைத் தாங்கிய கம்பத்தில் வரிசையாக மூன்று இரும்புக் கொக்கிகள்.

அது கூடத்தில் சட்டை மாட்டுகிற கம்பம். இருபத்திரண்டு வருஷமாகக் கூடத்தின் நட்டநடுவில் நின்ற கம்பம்.

உண்மையில் அது சட்டை மாட்டுகிற கம்பமே அல்ல. ஒரு மழைக்காலத்தில், மேலே பரண் அறையைத் தாங்குகிற கூடத்து உத்தரம் அடிப்பக்கம் விரிசல் விட்டது. அப்பா ஒரு மரக்கம்பத்தைக் கொண்டுவந்து கீழே முட்டுக்கொடுத்தார். அடியில் ஆப்பு இறுக்கி, விரிசலில் மக்குப் பசை அடைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார். ஆனால் அம்மாவோ பயந்தாங்கொள்ளி. பல்லி கத்தினாலே பக்கத்து வீட்டுக்குப் போய்ப் படுக்கிற ஆள். உத்தரம் விரிந்தது என்று தெரிந்தால் அந்தக் கூரைக்குக் கீழ் ஒரு வாய் சோறு இறங்காது. அதனால் அப்பா கம்பத்தில் மூன்று கொக்கி அடித்து, தன் சட்டையை மாட்டி, “துணி மாட்ட ஒரு இடம் வேணாமா?” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அன்று ஏணியைப் பிடித்தவள் இவள். “அம்மாகிட்ட மூச்சு விடாதே” என்றார். இவள் விடவில்லை.

அப்பா போனார், அம்மா போனாள், அப்போதும் விடவில்லை. வீட்டை விற்பது என்று முடிவானதும் இன்னும் வசதியாகப் போயிற்று. விரிந்த உத்தரத்தை எவன் வாங்குவான்? யாரோ ஒருவர் கடையில், மாடிப்படிக்கு அடியில், பத்தொன்பது வருஷம் குனிந்து தைத்தவள் அவள். தன் பங்கு வந்ததும் சொந்தக் கடை. மெஷினை எந்த ஜன்னலோரம் போடுவது என்பதுவரை பார்த்து வைத்தாயிற்று. வாயைத் தைத்துக்கொள்ள அவளுக்கு யாராவது சொல்லியா தர வேண்டும்!

உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. வீடு பார்க்க வரவேண்டியவர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினாள்.

கூடம் துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. நடுவில் தம்பி மட்டும் துடைப்பத்தோடு, பல்லெல்லாம் தெரிய நின்றான்.

“வாக்கா! எப்படி இருக்கு பாரு! அந்த இழவுக் கம்பம் கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மூணு நாளைக்கு முன்னாடி நாலு தட்டு தட்டினேன், வந்துருச்சு. எடுத்ததும் வீடே பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. அவ்ளோ இடம்!”

அவள் அண்ணாந்து பார்த்தாள். உத்தரத்தின் அடியில் கறுப்புப் பெயிண்டைக் கிழித்துக்கொண்டு விரிசல் வாயைத் திறந்திருந்தது. ஒரு விரல் போகும். நடுப்பாகம் தொங்கியும் இருந்தது.

“இங்க இருந்த சாமானெல்லாம் எங்கடா?”

“மேல பரண்ல. இரும்புப் பெட்டி, கட்டில், அம்மாவோட ஆட்டுக்கல்லு, எல்லாத்தையும் தூக்கி அடைச்சுட்டேன். என்னன்னு தெரியலக்கா, காலையிலேருந்து மூணு தடவை பெருக்கிட்டேன், பெயிண்ட் உதிர்ந்துக்கிட்டே இருக்கு.”

“வந்தவங்க?”

“புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பரணைத்தான் பாக்குறாங்க. தரகரும் கூடப் போயிருக்காரு.”

மூன்று பேர், ஆட்டுக்கல், இரும்புப் பெட்டி. அத்தனையும் அந்த ஒரு விரிசலின் மேல். தம்பியின் சட்டையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்து நிறுத்தினாள். அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். முறைத்த முறைப்பில் அடங்கினான்.

பாருங்கள், அந்த நேரத்திலும் அவள் புத்தி கடை ஜன்னலைத்தான் சுற்றியது. நயமாகக் கீழே இறக்கிவிடலாம், அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பத்தை நட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டது.

“டீ ரெடி!” என்று குரல் கொடுத்தாள். “எல்லாரும் கீழ வாங்க, ஆறிடப்போகுது!”

“இருங்கம்மா, ஜன்னலைப் பாத்துட்டு வர்றோம்” என்றது மேலே ஒரு பெண் குரல். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ் அவர். “இங்கதான் கட்டிலைப் போடணும், என்னங்க?”

“தாராளமா போடலாம்!” என்றார் தரகர். “அந்தக் காலத்து உத்தரம், யானையைக் கட்டினாலும் தாங்கும்!” சொன்னதோடு நிற்காமல் பலகையில் காலால் ஓங்கி இரண்டு மிதி மிதித்துக் காட்டினார்.

உத்தரம் முனகியது. விரிசலிலிருந்து ஒரு சிராய் பிய்ந்து கூடத்து நடுவில் விழுந்தது. தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. “யாரும் அசையாதீங்க! உத்தரம் விரிஞ்சிருக்கு! விழப்போகுது!” என்று கத்தினாள்.

“என்னம்மா தமாஷ் பண்றீங்க?” என்று தரகர் குரல் பிசிறியது.

“சத்தியமா விழும்! எனக்கு இருபத்திரண்டு வருஷமாத் தெரியும்! முட்டுக் கம்பத்தை எடுத்துட்டாங்க! நடுவுல காலை வைக்காதீங்க. சுவரை ஒட்டியே வாங்க, ஒவ்வொருத்தரா. முதல்ல அந்த அம்மா.”

நர்ஸ் வாதாடவில்லை. ஏணிப்படி நோக்கி அடிமேல் அடி வைக்கும் சத்தம் கேட்டது. அவர் பாதம் கண்ணில் பட்டதும் தையல்காரி கையைப் பிடித்து இறக்கி வாசலுக்குத் தள்ளினாள். அடுத்து இறங்கியது தரகர். முறையெல்லாம் பார்க்கவில்லை, கடைசி நாலு படியைக் குதித்தே கடந்து கேட்டுக்கு வெளியே போய்த்தான் நின்றார். நர்ஸின் கணவர் கனத்த உடம்பு. அவர் எடுத்து வைத்த ஒவ்வோர் அடிக்கும் மேலிருந்து மண் கொட்டியது. அவள் அடிகளை எண்ணினாள். ஒன்பதாவது அடியில் அவர் பாதம் ஏணிப்படியில் தெரிந்தது.

அவர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். இறங்கினதும் ஓடாமல் சுவரோரம் நின்று விரிசலை உற்றுப் பார்த்தார். “சாயங்காலம்வரை தாங்காது. விழுந்தா சுவரையும் இழுத்துக்கிட்டுத்தான் விழும். கம்பம் எங்க?”

தம்பி கேட்டுக்கு ஓடினான். ஆட்டி அசைத்துப் பிடுங்கி, போர்டோடு தூக்கி வந்தான். ஆணி கழற்றவெல்லாம் நேரமில்லை. நிறுத்திப் பார்த்தால் கம்பம் நிற்கவில்லை. உத்தரம் அந்த அளவுக்கு இறங்கியிருந்தது. நர்ஸின் கணவர் தன் காரிலிருந்து ஜாக்கியை எடுத்து வந்தார். வாசல் கல்லைப் புரட்டிப் போட்டு, அதன்மேல் ஜாக்கி, அதன்மேல் ஒரு கட்டை, உத்தரம்வரை இன்னொரு மரம். அவர் படுத்துக்கொண்டு மெல்ல மெல்லச் சுற்ற, அக்காவும் தம்பியும் கம்பத்தைச் சாய்த்துப் பிடித்தபடி உத்தரத்துக்கு நேர் கீழே நின்றார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் மரம் கிறீச்சிட்டது. கடைசியில் கம்பம் நிமிர்ந்தது. தம்பி ஆப்பை அடித்து இறுக்கினான். முனகல் நின்றது.

நர்ஸ் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

“இருபத்திரண்டு வருஷமாத் தெரியும்னு சொன்னீங்களே. நாங்க மேல ஏறும்போதும் தெரியும்தானே?”

“தெரியும்.”

“வீடு பிடிச்சுத்தான் இருக்கு. உத்தரத்தை மாத்திக்கலாம்” என்றார் நர்ஸ். “உங்களை எப்படி நம்புறது?”

கார் கிளம்பிப் போனது. தரகர் எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

தம்பி சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா.”

“அப்பா சொல்லாதேன்னாரு.”

“அம்மாகிட்டத்தானே சொல்லாதேன்னாரு?” என்றான். குரல் உடைந்தது. “மூணு நாளா நாங்க இங்கதான் படுத்தோம். இன்னிக்குக் காலையிலதான் என் பொண்டாட்டியையும் பாப்பாவையும் அவ அம்மா வீட்டுல விட்டுட்டு வந்தேன். பாப்பாவை இந்தக் கம்பம் இருந்த இடத்துலதான்க்கா படுக்கப் போட்டேன். காத்து நல்லா வருதுன்னு.”

ஆறு மாசக் குழந்தை. அதன் முதல் கவுனைத் தைத்ததே அவள்தான். தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. பாவி, ஒரு ஜன்னலுக்கு ஆசைப்பட்டேனே என்று தன்னையே திட்டித் தீர்த்தாள்.

நிமிர்ந்தபோது கண்ணுக்கு நேரே போர்டு. காற்று, வெளிச்சம் என்று மஞ்சள் எழுத்து கூடத்தில் பளிச்சென்று இருந்தது. அதன் கீழ் ஒரு வரிக்கு இடமிருந்தது.

“பிரஷ் இருக்கா?”

“எதுக்கு?”

“உத்தரம் விரிஞ்சிருக்குன்னு எழுது. பெருசா எழுது. எழுதி, வேற கம்பத்துல அடிச்சு கேட்டுல நடு.”

“அப்புறம் உன் கடை?”

“எழுதுடா.”