எலிக்கு மட்டுமான மருந்து

"அந்தக் குப்பி எனக்கு வேணும் சார். இப்பவே."

பொன்செல்வி வேலையில் சேர்ந்த அன்றே ஆய்வுக்கூடத் தலைவர் அனந்தநாராயணன் சொல்லியிருந்தார்: எதை வேண்டுமானாலும் கேள், குளிர்பெட்டியில் இருப்பதை மட்டும் வெளியே கொண்டுபோகக் கேட்காதே. செம்பூர் ஆய்வுக்கூடத்தின் அந்தப் பெட்டியில் இருந்தவை கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்கள். பூச்சிமருந்து குடித்த எலியின் ரத்தத்தில் ஏற்றினால், விஷம் நரம்பைத் தொடுமுன் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"யாருக்கும்மா?"

"எங்கப்பாவுக்கு" என்றாள்.

அவள் அப்பா பிச்சையா தாராவியில் வீடு வீடாக மூட்டைப்பூச்சி மருந்தடிப்பவர். தண்ணீர் கலக்காத மருந்தை இருமல் மருந்துப் புட்டியில்தான் ஊற்றி வைப்பார். அதற்காக மகள் போடாத சண்டை இல்லை. இன்று காலை இருமிக்கொண்டே, "ஏளா, அந்த மருந்தை எடு" என்றார். அம்மா முருகம்மாள் எடுத்துக் கொடுத்தாள். அந்த வீட்டில் பூச்சிக்கு அடிப்பதற்கும் இருமலுக்குக் குடிப்பதற்கும் பெயர் ஒன்றுதான், மருந்து.

ஆஸ்பத்திரியிலும் அம்மா தனக்குத் தெரிந்த இந்தியில் அதையேதான் சொன்னாள். "தவாயி பியா, டாக்டர் சாப்." மருந்து குடித்திருக்கிறார், நல்லதுதானே என்று இருமல்காரர்கள் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். வாயில் நுரை தள்ளிய பிறகுதான் ஓடிவந்தார்கள். ஊசிமேல் ஊசி போட்டும் உடம்பு பிடி கொடுக்கவில்லை. இப்போது மெஷின்தான் மூச்சு விடுகிறது.

"அந்த டாக்டர் எழுதிக் கேட்டா, அனுமதி குடுக்கற கமிட்டியில பேசிப் பாக்கறேன்" என்றார் அனந்தநாராயணன். " ஆனா இது எலிக்குத்தான்மா. மனுஷாளுக்குப் போட்டதே இல்லை."

"எங்க சந்துல இருக்கிறதும் மனுஷங்கதான்னு உங்க கமிட்டிக்குத் தெரியுமா? ஏழை உழைப்பாளிகளின் உயிர் காக்கன்னு ஊரெல்லாம் மேடை போட்டுப் பேசுனீங்கள்ல? அந்த ஏழை அங்க செத்துக்கிட்டிருக்கான். குடுங்க சார்!"

அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"எடுத்துக்கோ. நேரங்கழிச்சுப் போட்ட எலியெல்லாம் என்னாச்சுன்னு என்னைவிட உனக்குத்தான் தெரியும்."

பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தாள். உள்ளங்கை சில்லிட்டது. அந்த எலிகளுக்கு ஊசி போட்டவள் அவள். செத்ததும் பையில் கட்டி அனுப்பியவளும் அவள். விஷம் நரம்பைக் கவ்விய பிறகு எத்தனை துகள் ஓடியும் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. சில துள்ளித் துடித்துச் செத்தன. பஸ்ஸில் வரும்போதே இது தெரியும். இந்த மனுஷன் மறுக்கட்டும், பழியை அவர் தலையில் போட்டு ஆயுசுக்கும் திட்டலாம் என்றுதான் வந்தாள். பாவி, சாவியைக் கொடுத்துவிட்டார்.

போன் அடித்தது. அம்மா.

"ஏட்டி செல்வி, டாக்டரு கைய விரிக்காவட்டி. புது மருந்து கொண்டாறேன்னியே, கெடச்சிட்டா? என் கையாலதானட்டி எடுத்துக் குடுத்தேன்..."

"நீ குடுத்ததால இல்லம்மா. அப்பா கையப் பிடிச்சிக்கிட்டு இரு. நான் வாறேன்."

"மருந்து?"

"மருந்து இல்லம்மா."

குப்பியை இருந்த இடத்தில் வைத்துப் பூட்டினாள்.

"பொன்செல்வி, வேற டாக்டர் யாரையாவது கேட்டுப் பாக்கலாம். அவசரப்படாதே."

"வேண்டாம் சார். இனி அவரு உடம்புல யாரும் எதையும் குத்த வேண்டாம். நிம்மதியாப் போவட்டும்."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், கதவைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.