ஏறி உட்கார்ந்தால் மூடும்

டிரைவர் தன் பழைய காது மெஷின்கள் இரண்டையும் கழற்றிக் கைக்குட்டையில் பொதிந்து என் அக்காவின் காது கிளினிக் மேஜைமேல் வைத்தபோது மணி பத்தேகால். இரண்டும் செத்துப் பல நாள் ஆகியிருந்தன. மரியாதைக்காக மாட்டிக்கொண்டு வந்திருந்தார். புது ஜோடி, டப்பா பிரிக்காமல், பக்கத்திலேயே இருந்தது. கம்ப்யூட்டரில் கோர்த்து, அவர் காதுக்கு எந்தச் சத்தம் எவ்வளவு வேண்டும் என்று அளந்து ஏற்றினால்தான் அது மெஷின். அதுவரை இரண்டு பிளாஸ்டிக் கொட்டை, அவ்வளவுதான். பகல் இரண்டு மணிக்கு அவர் பஸ் கம்பெனி டாக்டர் முன்னால் போய் உட்கார வேண்டும். ஆறு வாரமாக அவரை வண்டியில் ஏற்றாமல் டிப்போவில் டயர் எண்ண விட்டிருந்தார்கள். இன்று காது கேட்டால் ஸ்டியரிங், கேட்காவிட்டால் டயர்.

கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரை, மேல் மூலையில் ஒரே ஒரு வெள்ளை வரி. அக்கா மூன்று தடவை அணைத்துப் போட்டாள். மூன்று தடவையும் அதே வரி, எழுத்துப் பிசகாமல். நான்காவது தடவை திரையை உள்ளங்கையால் துடைத்துப் பார்த்தாள், வரி ஏதோ அழுக்கு மாதிரி. பக்கத்தில் பீப் மேடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அக்காவிடம் நாலு வருஷமாக வேலை பார்க்கும் பெண். சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, "பீப்னு கேட்டா கையைத் தூக்குங்க, எவ்ளோ சின்னதா கேட்டாலும் தூக்குங்க" என்று நாள் முழுக்கச் சொல்வதால் வருகிறவர்கள் வைத்த பெயர் அது. அக்கா மட்டும் "ஏம்மா" என்பாள். கோபம் வந்தால் "இந்தாம்மா".

"இந்தாம்மா, நேத்து என்ன செஞ்சே இதை?"

"நான் ஒண்ணும் செய்யலை மேடம். காலையில ரெண்டு பேருக்குப் பார்த்தேன். பகல் ஒரு மணிக்கு நல்லாத்தான் அணைச்சுட்டுப் போனேன்."

நான் வாசலில் நின்றிருந்தேன். கீழே என் பெட்டிக்கடை. வெற்றிலை பாக்கு விற்கிற பெட்டிக்கடை இல்லை, பிரயாணப் பெட்டி விற்கிற கடை. அப்பா காலத்திலிருந்து அதுதான் பிழைப்பு. பேரம் பேசத் தெரியாதவனை எங்கள் வீட்டில் காது குத்தாதவனைப் போலப் பார்ப்பார்கள். அக்காவுக்கு எது வாங்கினாலும் நான்தான் போய்ப் பேசுவேன். கண்ணாடி அறையின் கதவைக்கூட நான்தான் பேசி முடித்தேன். விற்றவன் இன்னமும் என்னைத் தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் கடந்துவிடுகிறான். அப்படிப்பட்ட நான், அந்த வெள்ளை வரியைப் பார்த்ததும், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் நேற்று மத்தியானம் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் நான்.

நடந்தது இதுதான். புது மெஷின்களுக்கான புரோகிராமை ஏற்ற இடம் போதவில்லை, டிரைவில் சிவப்புக் கோடு வந்துவிட்டது, பெரிய டிஸ்க் ஒன்று வேண்டும் என்று பீப் மேடம் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா வழக்கம்போல என்னிடம், "நீ பேசி ஒண்ணு வாங்கிக் கொடுடா" என்றாள். நேற்று அவர்களுக்கு அரைநாள் விடுமுறை. எந்த அளவு டிஸ்க் என்று தெரியாமல் கடைக்காரனிடம் போய் நின்றால் முதல் வார்த்தையிலேயே அவன் கை ஓங்கிவிடும். என்னிடம் ஒரு சாவி உண்டு. மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

சி டிரைவின்மேல் வலது பக்கத்தை அழுத்தியதும் ஒரு அட்டவணை வந்தது. நிரம்பியது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. அதற்குக் கீழே ஒரு சின்னச் சதுரம். இடத்தை மிச்சப்படுத்த இந்த டிரைவை அமுக்கி வைக்கவா என்று கேட்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆயுசில் எந்தக் கடைக்காரனும் எனக்கு இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இடம் தருகிறேன், ஒன்றும் தர வேண்டாம் என்கிறான். பதிலுக்கு என்ன எடுத்துக்கொள்வாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஊரெல்லாம் கேட்கிற கேள்வி. இலவசக் குடையைத் திறந்து பார்க்காமல் வாங்கிய ஆள் இல்லை நான். ஆனால் எதிரில் ஒரு முகம் இல்லாமல் போனதுதான் தப்பாகிவிட்டது. முகம் இருந்திருந்தால் கண்ணைப் பார்த்திருப்பேன்.

தவிர, இது என் தொழில். வாடிக்கையாளர் பெட்டியைத் திறந்து, "இதுல எங்கங்க ரெண்டு பேர் துணி கொள்ளும்?" என்றால் நான் ஒரு மூட்டைத் துணியைத் திணித்து, மூடியின்மேல் ஏறி உட்கார்ந்து காட்டுவேன். "ஏறி உட்காருங்க சார், மூடும்." மூடும். எப்போதும் மூடியிருக்கிறது. டிக் போட்டேன்.

அது சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஓடிக்கொண்டே இருந்து, திடீரென்று நின்று, இந்தக் கோப்பைத் தொட அனுமதி இல்லை என்றது. எனக்கு அது புதிதா என்ன? முதல் தடவை முடியாது என்பவன் பேச ஆரம்பிக்கிறான் என்று அர்த்தம். இரண்டாம் தடவை முடியாது என்பவன் இறங்கி வருகிறான். அடுத்தடுத்து நாலைந்து தடவை முடியாது என்றது. கீழே ஒரு பொத்தான்: எல்லாவற்றையும் கண்டுகொள்ளாதே. அழுத்தினேன். அப்புறம் பேச்சே இல்லை, சமர்த்தாக ஓடி முடித்தது. சிவப்புக் கோடு நீலமாகிவிட்டது. நாளைக்கு அக்காவிடம், "டிஸ்க்கா? எதுக்கு டிஸ்க்?" என்று அலட்சியமாகச் சொல்ல வேண்டும் என்று மாடிப்படி இறங்கும்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

பதினொன்றரைக்கு மெக்கானிக் வந்தார். தோள்பையைக் கழற்றாமலே வரியைப் படித்தார். சிரித்தார்.

"யாரோ சி டிரைவை அமுக்கியிருக்காங்க."

"அமுக்கறதுன்னா?" என்றாள் அக்கா.

"இடம் மிச்சம் பண்றேன்னு எல்லாத்தையும் சுருட்டி மடிச்சு வைக்கறது மேடம். உங்க போட்டோவை மடிச்சு வையுங்க, கடுதாசியை மடிச்சு வையுங்க, பரவாயில்ல. இது கம்ப்யூட்டர் எழுந்து உக்கார்றதுக்கு வேணுங்கற கோப்பையும் சேர்த்து மடிச்சுருச்சு. அதைப் பிரிக்கணும்னா அது எழுந்திருக்கணும். எழுந்திருக்கணும்னா அதைப் பிரிக்கணும்." அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணனுக்குப் புரியும். சாவியையும் பெட்டிக்குள்ள போட்டு, ஏறி உக்காந்து பூட்டின மாதிரி."

நான் தலையாட்டினேன். நன்றாகப் புரிந்தது.

"பைல் எல்லாம் இருக்குமா?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது. முந்நூறு பேரின் காது அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

"இருக்கும்னுதான் நினைக்கறேன். அமுக்கிட்டிருக்கும்போது நடுவுல கரண்ட் போயிருந்தா அவ்ளோதான். அதிர்ஷ்டம். வெளியில இருந்து பென்டிரைவ் போட்டு எழுப்பிப் பார்க்கறேன். எழுந்தாலும் தள்ளாடித்தான் நடக்கும், ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பிரிச்சு எடுக்கணும்ல. இருந்தாலும் தைரியசாலிதான் மேடம் இதைச் செஞ்சது. மெஷின் நடுவுல வேணாம் வேணாம்னு சொல்லியிருக்கும்."

அக்கா மெதுவாகப் பீப் மேடம் பக்கம் திரும்பினாள். நான் வாயைத் திறப்பதற்குச் சரியான நேரம் அதுதான். திறந்தேன்.

"இடம் பத்தல, இடம் பத்தலன்னு நீதானேம்மா ஒரு வாரமா சொல்லிட்டிருந்தே?"

இத்தனைக்கும் குரலை உயர்த்தவில்லை. விசாரிக்கிற மாதிரி, கொஞ்சம் பரிவோடுகூடச் சொன்னேன். சரக்கில் பழுது இருந்தால் வாடிக்கையாளரின் கையை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று என் விரல்களுக்குத் தெரியும். நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். "அண்ணா, அதனாலதானே உங்ககிட்ட டிஸ்க் வாங்கச் சொன்னேன்?" என்று, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, ஞாபகப்படுத்துகிற குரலில் கேட்டாள்.

"நான் இன்னும் அந்தப் பக்கமே போகலியே" என்றேன். அதுவும் ஒருவகையில் உண்மை. டிஸ்க் கடைப் பக்கம் போகவில்லை.

அக்கா கத்தவில்லை. அவள் கத்தினால் மறுநாள் மறந்துவிடுவாள், கத்தாவிட்டால்தான் ஆபத்து. "இன்னிக்கு இவரை முடிச்சு அனுப்பு. அப்புறம் சாவியைக் கொடுத்துட்டுப் போ. பொய் சொல்ற கையில நான் காதைக் கொடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, டிப்போவுக்குப் போன் செய்து இன்னும் ஒரு மணி நேரம் கேட்கலாமா என்று பார்க்க உள்ளறைக்குப் போய்விட்டாள். பீப் மேடம் மெக்கானிக் கேட்ட ஒயரை எடுக்க மாடிப்படியில் இறங்கினாள். படி முடிகிறவரை செருப்புச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

டிரைவர் பெஞ்சில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். இத்தனை களேபரத்திலும் ஒரு கோயில் யானையைப் போல அமைதி. கேட்காதவருக்கு என்ன? பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மெக்கானிக் எங்களுக்கு முதுகைக் காட்டி, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குள் பெட்டி வெடிக்கிற மாதிரி இருந்தது. யாரிடமாவது இறக்க வேண்டும், ஆனால் இறக்கியதாகவும் இருக்கக்கூடாது. இதைவிடத் தோதான ஆள் கிடைப்பாரா? அவர் முகத்தைப் பார்த்து, வெயிலைப் பற்றிப் பேசுகிற சிரிப்போடு, சன்னமாகச் சொன்னேன்.

"நேத்து மத்தியானம் நான்தான் வந்தேன். நான்தான் அமுக்கினேன். அது வேணாம் வேணாம்னுதான் சொல்லிச்சு. நான் கேக்கல. பெருமைக்காகச் செஞ்சேன். இப்ப அந்தப் பொண்ணு போகுது."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது. அசிங்கமாகவும் இருந்தது. வாங்குகிறவன் இல்லாத சந்தையில் கடை விரித்தவன் மாதிரி சட்டையை நீவிக்கொண்டேன்.

டிரைவர் என் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முப்பது வருஷம் தம்பி" என்றார். கேட்காதவர்களுக்கே உள்ள உரத்த குரல். நான் பதறி உள்ளறையைப் பார்த்தேன். அவர் புரிந்துகொண்டு குரலைத் தணித்தார். "எஞ்சின் பக்கத்துல உக்காந்து காது போச்சு. எந்த ஸ்டாப்புல எறங்கணும்னு பின்னாலேருந்து ஜனங்க கத்தும். கண்ணாடியில வாயைப் பார்த்துப் பார்த்துப் பழகிட்டேன். தலைகீழா நின்னு பேசினாக்கூடப் படிச்சுடுவேன்."

நான் கையால் வாயை மூடிக்கொண்டேன்.

"அமுக்கினது நீங்கன்னு புரிஞ்சுது. அந்தப் பொண்ணு மேல ஏன் போட்டீங்க, அது மட்டும் பிடிபடல. வேகமாச் சொல்லிட்டீங்களா?" மறுபடி என் வாயைப் பார்த்தார். "இல்ல, சொல்லவே இல்லையா?"

"சொல்லல."

"ம்" என்றார். அவ்வளவுதான். திட்டினால் பதில் வைத்திருந்தேன். கெஞ்சினால் அதற்கும் ஒன்று வைத்திருந்தேன். அவரோ மேஜைமேல் இருந்த புது டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கம்ப்யூட்டர் எழுந்தது. மெக்கானிக் சொன்னது போலவே, நோயிலிருந்து எழுந்த ஆள் மாதிரி ஒவ்வொரு படமாக யோசித்து யோசித்துக் காட்டியது. நேற்று மிச்சம் பண்ணிய இடத்தில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டுதான் பேசவே ஆரம்பித்தது. டிப்போவில் இரண்டு மணிக்குமேல் ஒரு நிமிஷம்கூடத் தரமாட்டார்கள் என்று அக்கா வந்து சொன்னாள். பீப் மேடம் முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள். டிரைவரின் முழங்கையைத் தொட்டுக் கண்ணாடி அறைக்குள் அழைத்துப் போனாள். கனமான கதவு. நான் பேரம் பேசிய கதவு. மூடியதும் உள்ளேயிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை.

அவள் குனிந்து, புது மெஷின்களை அவர் காதுகளில் வைத்து ஒயரைக் கோர்த்துக்கொண்டிருந்தாள். டிரைவரின் உதடு அசைந்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி அசைந்தது. நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முப்பது வருஷம் பெட்டி விற்ற எனக்கு ஒரு வார்த்தை படிக்கத் தெரியவில்லை. மெஷின் உறுத்துகிறது என்கிறாரா? சூடாக இருக்கிறது என்கிறாரா? ஒயரைப் பிடித்திருந்த அவள் கை நின்றுவிட்ட மாதிரி இருந்தது, அல்லது ஒயரே சிக்கியிருக்கலாம்.

"என்னடா கண்ணாடியோட ஒட்டிட்டு நிக்கறே? கடையில யாரு?" என்றாள் அக்கா பின்னாலிருந்து.

பீப் மேடம் வெளியே வந்தாள். என்னைக் கடந்து போகும்போது என் பக்கம் பார்க்கவில்லை, அக்கா பக்கமும் பார்க்கவில்லை. மேஜையில் உட்கார்ந்தாள். மைக்கைத் தன் பக்கம் இழுத்து, நாலு வருஷமாகச் சொன்ன அதே குரலில், "பீப்னு கேட்டா கையைத் தூக்குங்க. எவ்ளோ சின்னதா கேட்டாலும் தூக்குங்க" என்றாள். சாவிக்கொத்து ஏற்கெனவே கீபோர்டுக்குப் பக்கத்தில் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. பொத்தானை அழுத்தினாள். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

உள்ளே டிரைவர் கையைத் தூக்கினார்.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். அவர் கையை இறக்கவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து, அவளைத் தாண்டி, அக்காவைத் தாண்டி, பஸ்ஸில் தலைக்கு மேலுள்ள கண்ணாடியில் கடைசி சீட்டு ஆளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு, தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தார்.