ஒரு முழ வயர்

மாமா விற்கிற இயந்திரத்தை மச்சினியே சோதிக்க நேர்ந்தால், அந்த வீட்டில் சோறு தொண்டையில் எப்படி இறங்கும்?

மருத்துவமனைக்குப் புதுக் கருவி எது வந்தாலும், அது உண்மையிலேயே உதவுகிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. இந்த முறை வந்தது கரண்டில் ஓடும் ஒரு விரிப்பு. மெத்தைக்கு அடியில் போட்டுவிட்டால், தள்ளாடுகிற நோயாளி எழுந்ததும் அலறும்; நர்ஸ் ஓடிவந்து பிடித்துக்கொள்ளலாம். கொண்டுவந்தவர் அக்காவின் கணவர்.

முதலிலேயே தலைமை டாக்டரிடம் சொல்லிவிட்டாள். "எங்க மாமா கம்பெனி சார். வேற யாராவது..."

"கணக்கு தெரிஞ்சது நீ ஒருத்திதான்மா. சொந்தக்காரர்னு எழுதி வச்சுட்டு வேலையப் பாரு."

மேல் வார்டில் விரிப்பு போட்டார்கள். கீழ் வார்டில் போடவில்லை. சில மாதங்கள் கழித்துப் பார்த்தால், கீழ் வார்டில் விழுந்து அடிபட்டவர்களில் பாதிப் பேர்கூட மேல் வார்டில் விழவில்லை.

"ஆர்டர் வரலேன்னா வேலைக்கே வேட்டுன்னான் மேனேஜர்," என்றார் மாமா, வாய் நிறையச் சோற்றோடு. "இனி அவனே எனக்கு நாற்காலி இழுத்துப் போடுவான்!"

"ஒரு கையெழுத்துதானேடி," என்றாள் அக்கா.

அவளுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. மேல் வார்டு நர்ஸைக் கேட்டால், "அலறுமா? நான் கேட்டதே இல்லையே," என்கிறார்.

ஒரு மதியம் வார்டில் போய் மூலையில் உட்கார்ந்தாள். விரிப்புக்காகவே ஒவ்வொரு கட்டிலோரமும் புதிதாக ஒரு பிளக் வைத்திருந்தார்கள். ஒன்றில்கூட விரிப்பின் வயர் இல்லை. எல்லாவற்றிலும் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. சார்ஜர் வயர் ஒரு முழம்தான் என்பதால், கூட இருப்பவர்கள் கட்டிலை ஒட்டியே உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலோரம் பிளக் இல்லாத கீழ் வார்டில், சார்ஜ் போட வெளியில் போய்விடுவார்கள். ஒரு பெரியவர் காலைக் கீழே போட்டார். மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சட்டையைப் பிடித்தாள். "அப்பா, எங்க கிளம்பிட்டீங்க? படுங்க."

சோதனை முடிவைச் சொல்கிற கூட்டத்தில் மாமா முன்வரிசையில், புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா," என்றார் டாக்டர்.

"விரிப்பு ஓடவே இல்ல சார். போன்தான் ஓடுச்சு."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மாமா மட்டும் சிரிக்கவில்லை. "சரி, செருகியிருந்தா வேலை செஞ்சிருக்குமா, செஞ்சிருக்காதா?"

"தெரியாது மாமா. இன்னும் யாரும் பார்க்கலையே."

மறுபடி முதலிலிருந்து சோதிப்பது என்று முடிவாயிற்று. பிளக்கில் விரிப்புதான் இருக்கிறதா என்று தினமும் பார்க்கக் கம்பெனி ஆள் ஒருவர் வேண்டும் என்றார் டாக்டர். அந்த ஆள் மாமாதான் என்றானது; சோதனை முடிகிற வரைக்கும் அவர் வேலைக்கு ஆபத்தில்லை. அன்று இரவு அக்கா தங்கையைப் பார்த்து, "உனக்கு வாயே கிடையாதுன்னுல்ல நெனச்சேன்," என்றபடி இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

மறுநாள் காலை மாமா கட்டில் கட்டிலாகப் போய்ப் போன்களைப் பிடுங்கினார். பெரியவரின் மகள் விடவில்லை. "அண்ணே, இப்பத்தான் வச்சேன்! இத எடுத்துட்டா நான் வெளியில போயில்ல சார்ஜ் போடணும்? அப்பாவ யாரு பார்ப்பா, உங்க பாயா?"

மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரே பிளக்கில் மூன்று வயர் செருக வழி செய்கிற எக்ஸ்டென்ஷன் பெட்டியை மெல்ல எடுத்தார்.

"மாமா," என்றது வாசலிலிருந்து ஒரு சின்னக் குரல். "ரெண்டையும் சேர்த்துச் செருகினா, எது காப்பாத்துச்சுன்னு நான் எப்படிப் பிரிக்கிறது?"

பெட்டி பைக்குள் திரும்பிப் போயிற்று.