அலமாரியில் இருந்த பட்டைகள்

வங்காளத்தின் பெஹாலாவில் ஆண்டாள் படிக்கும் நர்சரி பள்ளிக்கு அவள் அம்மா கோமதியை வரச் சொல்லியிருந்தார்கள். சிறுவர்களின் உடல் பருமனை ஆராயும் குழுவைச் சேர்ந்த ஜெய்ராம் ஒரு தாளை நீட்டினார். அசைவை அளக்கும் பட்டை ஒன்றை ஐந்து வயது ஆண்டாள் பள்ளி நேரத்தில் ஒரு வாரம் இடுப்பில் கட்டியிருந்தாள். அதன் முடிவுதான் அந்தத் தாள்.

"உங்க பொண்ணு ஓடியாடறதே இல்லம்மா. எடையும் ஜாஸ்தி. பெத்தவங்களுக்கு ஆலோசனை வகுப்பு இருக்கு, வந்துடுங்க."

"தினமும் ஃப்ராக் முழுக்க மண்ணோட வரா சார். உக்காந்தே இருந்தா மண்ணு எப்படி ஒட்டும்?"

அம்மாவின் கையைப் பிடித்திருந்த ஆண்டாள்தான் பதில் சொன்னாள்.

"விளையாடப் போறச்சே மிஸ் எல்லார் பெல்ட்டையும் கழட்டி அலமாரில வெச்சுடுவாம்மா."

பக்கத்தில் இருந்த ஆசிரியை கூச்சப்படாமல் வங்காள மொழியில் விளக்கினார். விலை உயர்ந்த கருவி, உடைந்தால் பள்ளிதானே பொறுப்பு.

கோமதி அந்தத் தாளைக் கீழ்வரை படித்தாள். காரணம் என்ற இடத்தில் 'தாயின் அக்கறையின்மை' என்று அச்சாகியிருந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?"

"ரிப்போர்ட் மேலே போயாச்சும்மா. இனிமே என் கையில இல்ல."

"போகட்டும். உங்க கையில பேனா இருக்கு. இது தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. மேலே நான் கொண்டுபோறேன்."

ஜெய்ராம் ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோமதி மகளை மடியில் இருத்திக்கொண்டு, ஜெய்ராம் பேனாவைத் திறக்கும்வரை காத்திருந்தாள்.