கதைச்சாலே போகிற வோக்கி

காட்டுப்பண்டி வேட்டைக்கு, தூர நின்று கதைக்கிற வோக்கிரோக்கி வாங்க ரவுணுக்கு மூன்று பேர் போனோம். உரக்கடை சிவதர்ஷன், துவக்கு அவனுடையது. கோபிசங்கர், கனடாவிலிருந்து லீவில் வந்து நிற்கிறவன், காசு அவனுடையது. மூன்றாவது ஆள் சீவரத்தினமாகிய நான். எழுதுமட்டுவாளுக்கு அங்காலை இருக்கிற பற்றைக்காட்டுக்குள் நாயோடு இறங்கிப் பண்டியைக் கலைத்து வெளியில் விடுவது என்ரை வேலை. வெளியில் நிற்கிற சிவதர்ஷன் சுடுவான்.

போன முறை அவன் சுட்டது என்னை. சன்னம் காதடியால் போய்ப் பனை வடலி மட்டையில் ஏறியது.

"பண்டியெண்டு நினைச்சிட்டன் அண்ணை" என்று பல்லைக் காட்டினான். இரண்டு காலில் வருவதும் நாலு காலில் வருவதும் தெரியாத ஒருவனுக்குத் துவக்குப் பெர்மிற் கொடுத்திருக்கிறார்கள்.

வோக்கி இல்லாமல் இனிமேல் பற்றைக்குள் கால் வைக்கக்கூடாது என்று என் பெண்சாதி குணலட்சுமி சொல்லிப்போட்டாள். மரவள்ளியைப் பண்டி கிண்டிக்கொண்டு கிடந்ததால் போகாமலும் இருக்கேலாது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். 'நில், வெடி வைக்கப்போறன்' என்று அவன் சொன்னால் அது எனக்குக் கேட்க வேண்டும். இடது காது சண்டைக் காலத்துச் செல்லடியோடு போனது. மிச்சம் இருக்கிற காதுக்காவது கேட்க வேண்டும்.

கடையில் நிருஷன் என்றொரு பெடியன் முதலில் கறுப்பாய், கட்டையாய் ஒன்றை எடுத்து வைத்தான். பொத்தானை அமத்திக் கதைக்க வேணும், விட்டால் மற்றவன் கதைப்பது கேட்கும். சத்தம் கோயில் மணி மாதிரி.

"இது நல்லாயிருக்கு" என்றேன்.

கோபிசங்கர் அதைத் தொடவேயில்லை. "உது பாரம். பாக்கவும் வடிவில்லை."

அடுத்தது பச்சைப் புள்ளி போட்டது. அதை இடுப்பில் கொளுவிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பி நின்றான். கலியாணத்துக்குச் சேலை எடுக்கிறவள்கூட அவ்வளவு நேரம் நிற்கமாட்டாள்.

"இதிலை பொத்தான் அமத்தத் தேவையில்லை அண்ணை" என்றான் நிருஷன். "கதைச்சாலே போகும். கை சும்மா இருக்கும்."

அது எனக்கும் பிடித்தது. பற்றைக்குள் ஒரு கையில் தடி, மற்றக் கையில் நாய்க் கயிறு. என்னைக் கடையின் பின்பக்கம் அனுப்பிச் சோதித்தார்கள்.

"சீவரத்தினமண்ணை, பண்டிக்கறி சாப்பிடுவியளோ?" சிவதர்ஷனின் குரல் துப்புரவாய்க் கேட்டது.

"பண்டி சாப்பிடுவன். நீர் சமைச்சாச் சாப்பிடமாட்டன்."

எல்லாரும் சிரித்தார்கள். மூன்று செற் எடுத்தோம்.

"உதுக்குப் பெர்மிற் எடுக்க வேணும்" என்று நிருஷன் மெல்லச் சொன்னான்.

"பண்டி வந்து கேக்குமோ?" என்றான் சிவதர்ஷன்.

வான் வண்டியில் திரும்பி வரும்போதே பங்குக் கதை தொடங்கியது. எங்கடை வேட்டையில் ஆளுக்கு ஒரு பங்கு, துவக்குக்கு ஒரு பங்கு, நாய்க்கு அரைப் பங்கு.

"அப்ப வோக்கிக்கும் அரைப் பங்கு போடவேணும். வாங்கினது நான்" என்றான் கோபிசங்கர்.

"நாய் ஓடுது தம்பி. வோக்கி என்னத்தை ஓடுது?" என்றேன்.

"நாய் கதைக்குமோ அண்ணை?"

ஒரு பண்டியின் மயிரைக்கூட இன்னும் காணவில்லை. அதற்குள் அதைத் துண்டு போட்டு முடித்துவிட்டார்கள்.

ஞாயிறு காலை என் நாய்கள் ரைகரையும் கறுப்பியையும் கொண்டு இறங்கினேன். வோக்கி நெஞ்சில் தொங்கியது. "கேக்குதோ?" "கேக்குது." அதுவரைக்கும் எல்லாம் சரி.

ஈஞ்சுப் பற்றைக்குக் கிட்டப் போக நாய்களுக்கு மணம் பிடித்துவிட்டது. கயிற்றை விட்டேன். குரைக்கத் தொடங்கின. அந்த நேரம் வோக்கியில் சிவப்பு லைற் பற்றியது. பற்றினது அணையவில்லை. நாய் குரைக்கிறதையும் அது கதை என்று எடுத்துக்கொண்டது. அங்கே நின்றுதான் எனக்கு விளங்கியது. நாய் குரைக்கும் மட்டும் என் வோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கும். அனுப்பிக்கொண்டிருந்தால் ஒன்றும் உள்ளே வராது. அவன் தொண்டை கிழியக் கத்தினாலும் எனக்குக் கேட்காது.

"நான் இஞ்சை, ஈஞ்சுக்குப் பக்கத்திலை! சுட்டுப்போடாதை!" என்று கத்தினேன். இரண்டு நாய் குரைக்கிறதுக்குள் அது எங்கே போய்ச் சேரும்?

பண்டி பக்கத்தால் முறித்துக்கொண்டு ஓடியது. ரைகர் நேரே வெளியில் பாய்ந்தான். அவனுக்குப் பின்னால் நான்.

வெடி கேட்டது.

ரைகர் என் காலடியில் வந்து விழுந்தான். வயிறு திறந்துபோய்க் கிடந்தது. அவனுடைய சூடான இரத்தம் என் காலில் வழிந்தது. கறுப்பி வாலை ஒடுக்கிக்கொண்டு அடங்கிவிட்டாள். குரைப்பு நிற்க லைற் அணைந்தது. லைற் அணைய வோக்கிக்குள் குரல் வந்தது.

"விழுந்திட்டுது! விழுந்திட்டுது! பெரிய உருப்படி!"

பிறகு கோபிசங்கர்: "மச்சான், ஈரல் எனக்கு."



இருவரும் ஓடிவந்து பார்த்தார்கள். கோபிசங்கர் மூக்கைப் பொத்தினான். "நாய் குரைச்சது என்ன கிளியராக் கேட்டது தெரியுமோ? ரெக்கோட் பண்ணிக்கொண்டு நிண்டனான்."

"நில்லுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்!" என்றான் சிவதர்ஷன். "நீங்கள்தான் அண்ணை கேக்கேல்லை."

அவன் சொல்லித்தான் இருப்பான். அதில் பொய் இல்லை.

"சரி, செத்தாலும் நாய்க்கு அரைப் பங்கு தாறம்" என்று தொடர்ந்தான். "பண்டி உந்தப் பக்கம்தான் போனது. மற்ற நாயோடை இன்னொருக்கா இறங்குங்கோ. பற்றரியிலை சார்ச்சும் கிடக்கு."

வோக்கியைக் கழற்றி அவனிடம் நீட்டினேன். "தம்பி, இந்தமுறை நீர் இதைக் கட்டிக்கொண்டு உள்ளை போம். துவக்கை என்னட்டைத் தாரும். நான் வெளியிலை நிக்கிறன்."

வாங்கிப் பார்த்தான். கறுப்பி ஒருக்கால் குரைத்தாள். அவன் கையில் சிவப்பு லைற் பற்றியது. அவள் நிறுத்தும் மட்டும் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உதை நம்பியோ அண்ணை உள்ளை போறது?"

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு கோபிசங்கரைப் பார்த்தான். துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றினான். தரவில்லை.

நான் ரைகரைச் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றினேன். கறுப்பி பின்னால் வந்தாள். சாக்கு ஊறி முதுகில் பிசுபிசுத்தது.

"அண்ணை, கோவிக்காதையுங்கோ!" கோபிசங்கர் பின்னாலிருந்து கூப்பிட்டான். "நாளைக்குக் குடுத்துப் பொத்தான் வைச்சதா மாத்தி எடுப்பம். பில் கிடக்கு!"

காறித் துப்பிவிட்டு ஒழுங்கையில் ஏறினேன்.